பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகளைப் பெற்றோருக்கு முன்கூட்டியே காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று நாடு முழுவதும் அளக்கும் பரக் தேசிய ஆய்வின் முடிவுகள் 2025 ஜூலையில் வந்ததிலிருந்து எந்த மாநிலம் முந்தியது, எது பின்தங்கியது என்ற பேச்சாகவே இருக்கிறது. 2024 டிசம்பர் 4 அன்று 781 மாவட்டங்களில், 74,229 பள்ளிகளில் 3, 6, 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் 21 லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு அது. மதிப்பெண்ணைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பாடத்துக்கு வெளியே அந்தப் பிள்ளைகளிடம் என்னென்ன கேட்கிறோம், அதற்கு யார் சம்மதித்தார்கள் என்பதை யாரும் பேசக் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்படிக் கற்றலை அளக்கும் அடைவுத் தேர்வு என்றால் வினாத்தாள் மட்டும் வருவதில்லை. கூடவே மாணவருக்கு, ஆசிரியருக்கு, பள்ளிக்கு என்று தனித்தனி விவரப் படிவங்கள் வரும். வீட்டில் பேசும் மொழி, பெற்றோரின் படிப்பு, வீட்டில் உள்ள வசதி, பள்ளிக்கு வரும் விதம் என்று கேள்விகள் போகும். இவற்றை வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். நாட்டில் 48 விழுக்காட்டு மாணவர்கள் நடந்தே பள்ளிக்கு வருகிறார்கள், 24 விழுக்காட்டினர் வீட்டில் செல்போன், கணினி போன்ற எந்தச் சாதனமும் இல்லை என்பது 2021 நவம்பர் 12இல் நடந்த முந்தைய தேசிய ஆய்வின் படிவங்களிலிருந்துதான் தெரிந்தது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பு யாரை விட்டுவிட்டுப் போனது என்று அந்த ஓர் எண்ணே சொல்லிவிடும்.

கேட்கும் முறையில்தான் எனக்கு மனத்தாங்கல். நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது ஓர் அடைவுத் தேர்வுக்கு எங்கள் பள்ளியும் தேர்வாகியிருந்தது. கள ஆய்வாளராக வந்தவர் பி.எட். படிக்கும் பெண், மிகவும் பொறுமைசாலி. விவரப் படிவம் நிரப்பும்போது ஒரு சிறுமி மட்டும் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். ‘அப்பாவின் படிப்பு’ என்ற இடத்தில் வட்டங்கள் காலியாக இருந்தன. “டீச்சர், அப்பா இல்லன்னா எதை ஷேட் பண்ணணும்?” என்று கேட்டாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார், பதில் கிடைக்கவில்லை. “தெரிஞ்சதைப் பண்ணும்மா, காலியா விடக் கூடாதாம்” என்றார். சிறுமி எதையோ ஒன்றைக் கறுப்பாக்கினாள். பிள்ளையும் நொந்து போனாள், கிடைத்த விவரமும் பொய். நாலு தாய்மார் முன்கூட்டியே அந்தப் படிவத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே இதைச் சுட்டிக்காட்டியிருப்பார்கள்.

அமெரிக்காவில் ‘நேப்’ என்ற தேசிய மதிப்பீடு 1969 முதல் நடக்கிறது. அங்கே எந்த மத்திய அரசுத் துறையும் பத்து பேரிடமோ அதற்கு மேலோ ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டுமானால் வெள்ளை மாளிகையின் கீழுள்ள மேலாண்மை, வரவுசெலவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். கேள்விகளின் நோக்கம், பதில் சொல்ல ஆகும் நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அரசிதழில் அறிவித்து முதலில் 60 நாள், பிறகு 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு விட வேண்டும். ஒப்புதல் எண் படிவத்திலேயே அச்சாகியிருக்கும். அந்த எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. ஒரு ஒப்புதல் அதிகபட்சம் மூன்றாண்டுதான் செல்லும். குடும்பத்தின் சொந்த நம்பிக்கைகள், மனப்பாங்குகள் பற்றி நேப் கேட்கவே கூடாது என்று தனியே சட்டமும் இருக்கிறது. அங்கேயும் எல்லாம் சீராக இல்லை என்பது தெரியும். 2025 மார்ச்சில் நடந்த ஆட்குறைப்பில் நேப் நடத்தும் கல்விப் புள்ளிவிவர மையத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் மிஞ்சினார்கள். ஆனாலும் கேட்பதற்கு முன் காட்டு என்ற அந்த விதி நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இங்கே 2014 முதல், புதிய சட்டம் கொண்டுவரும் முன் வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற கொள்கை உண்டு. லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் கேட்கப்போகும் படிவத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் எடுப்பதற்கு நிபந்தனையோடு விலக்கும் தந்துவிட்டது. ஆகவே சட்டத்தைக் காட்டி எந்தப் பெற்றோரும் இதில் கேள்வி கேட்டுவிட முடியாது.

முன்கூட்டியே காட்டினால் தேர்வு கசிந்துவிடும் என்பார்கள். கணக்கு, மொழிப் பாட வினாக்களை யாரும் கேட்கவில்லை, அவை பூட்டியே இருக்கட்டும். வீட்டு விவரம் கேட்கும் படிவத்தில் கசிய என்ன இருக்கிறது? பெயர் வெளியே வராதே என்றும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்த பிறகு அந்தச் சிறுமிக்கு அதனால் என்ன பயன்?

மூன்றாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்குப்படி அடுத்த தேசிய ஆய்வு 2027இல் வர வேண்டும். அதற்கு முன் மத்தியக் கல்வி அமைச்சகம் எல்லா விவரப் படிவங்களையும் அந்தந்த மாநில மொழியில், ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் சொல்லி, 30 நாளாவது இணையதளத்தில் வைக்க வேண்டும். வந்த கருத்துகளில் எதை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். ஸ்லாஸ் எனப்படும் நம் மாநில அடைவுத் தேர்வுக்கு டெல்லியை எதிர்பார்க்கவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படிவத்தைப் பெற்றோர் முன்னிலையில் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைக் குறித்து அனுப்பும்படி பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.