சி பிளாக் குளியலறை அழைப்பு மணி: ஐந்தாவது புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா,

பினாங்கிலுள்ள தங்கள் முதியோர் குடியிருப்பின் சி பிளாக்கில் நானும் என் துணைவியாரும் பதினான்கு மாதங்களாக வசித்து வருகிறோம். குளியலறை அழைப்பு மணி பற்றி நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கிற்கும் "தங்கள் புகார் பெறப்பட்டது" என்ற ஒற்றை வரியே பதிலாக வந்தது.

அந்த மணியின் கயிற்றை இழுத்தால் தாதியர் வர வேண்டும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடந்த மாதம் நான் சந்தைக்குச் சென்றிருந்த வேளையில் என் துணைவியார் வழுக்கி விழுந்து, கயிற்றை மீண்டும் மீண்டும் இழுத்தும், இருபது நிமிடங்கள் தாதியர் எவரும் வரவில்லை. அவர் சுவரைத் தட்டிய ஓசை கேட்டு, எங்கள் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து வந்தவர் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி. அவருக்கே வயது எழுபத்தெட்டு.

இதனால் குடியிருப்புக்காகக் கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பிக் கேட்டபோது, அசல் ரசீதுடன் கோலாலம்பூர் தலைமையகத்திற்கு நேரில் செல்லுமாறு தங்கள் பினாங்கு அலுவலகம் கூறியது. படகில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து இ.டி.எஸ். எனும் மின்சார ரயிலில் நான்கு மணி நேரத்திற்கும் மேல் பயணம் செய்து வந்த என்னிடம், முகப்பிலிருந்த இளைஞர் கைப்பேசியிலிருந்து பார்வையை எடுக்காமலே, "ஆபீசர் லீவு அங்கிள், இதுக்காகவா பினாங்குலேருந்து வந்தீங்க?" என்றார். முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்த என்னிடம் எந்த மாணவனும் அப்படிப் பேசியதில்லை. உட்காரச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

நான் குறை மட்டுமே காண்பவன் அல்லன். ஆயர் ஈத்தாமில் இருந்த மாடி வீட்டில் படியேற முடியாமல் தவித்த எங்களுக்கு இங்கே மின்தூக்கி இருக்கிறது. பிள்ளைகள் ஜொகூருக்குப் போன பின் பேச்சையே குறைத்துக்கொண்ட என் துணைவியாருக்குக் காலை நடைக்கு நான்கு தோழியர் கிடைத்துள்ளனர். தீபாவளிக்கு வந்த பேரப்பிள்ளைகள் இரவு தங்க அனுமதியில்லை என்பதையும், மாதக் கட்டணம் இருமுறை உயர்ந்ததையும்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் விழுந்தால் ஆள் வருவார் என்ற ஒரே நம்பிக்கைக்காகத்தான் சொந்த வீட்டை விற்றோம். அது பொய்யானதால் எங்கள் வாழ்நாள் உழைப்பு முழுவதும் பாழாகிவிட்டது.

ஆகவே, பதினான்கு நாட்களுக்குள் மணியைச் சரிசெய்ய வேண்டும். இயலாவிடில் வைப்புத்தொகை 18,000 ரிங்கிட்டைத் திருப்பித் தர வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடுவதோடு, பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் வழக்குப் பதிவேன். அங்கு 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே, வழக்கறிஞரும் தேவையில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்றே இன்னமும் நம்புகிறேன்.

ரயில் பயணச்சீட்டின் நகலை இணைத்துள்ளேன். அந்தத் தொகையும், முகப்பு இளைஞரின் எழுத்துமூல மன்னிப்பும் தனியே வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
சி பிளாக், மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்