மேல்வீட்டுக் கசிவும் ஊரில் இல்லாத உரிமையாளரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் மேல்தளத்திலிருந்து தண்ணீர் கசிந்தால் செலவு யாருடையது என்று எங்கள் புளோக் காப்பிக்கடையில் கேட்டுப் பாருங்கள். "மேல்வீட்டுக்காரனுடையதுதான், இதில் என்ன சந்தேகம்?" என்பார்கள். தனியார் அடுக்குமாடியான கொண்டோவுக்கு அது ஓரளவு பொருந்தும். அங்கே கூரையில் ஈரம் கண்டால், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை மேல்வீட்டிலிருந்தே கசிவதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் வீவக வீட்டில், இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள கான்கிரீட் தளத்துக்கு இரு வீட்டாருமே பொறுப்பு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் கழகம் பாதிச் செலவை ஏற்கும். மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்கு 25 விழுக்காடு.

"நனைவது நம் வீடு, நாம் ஏன் கொடுக்கணும்?" என்று என் மனைவிக்குக் கோபம். எனக்கோ செலவைப் பகிர்வது நியாயமாகவே படுகிறது. பழைய வீட்டில் தரைக்கடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு தேய்ந்துபோவது யார் குற்றம்? அதுவுமில்லாமல், எங்கள் குளியலறைக்குக் கீழேயும் ஒரு குடும்பம் இருக்கிறது.

என் குறை பணத்தைப் பற்றியதல்ல. மேல்வீடு வாடகைக்கு விடப்பட்டுள்ளது. குடியிருக்கும் பிள்ளைகள் தங்கமானவர்கள். வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் தேக்கிச் சோதித்தபோது முகம் சுளிக்காமல் வெளியே போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். எங்கள் பக்கம் கழிவுக்குழாயைச் சுற்றி, பெயிண்ட் உப்பியிருந்த இடத்தில் மெல்லச் சொட்டியது. சரி, காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் தரை ஓடுகளைப் பெயர்க்க உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். அவரோ ஆஸ்திரேலியாவின் பெர்த்தில். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில்தான் வரவில்லை. சமூக சமரச நிலையத்துக்குப் போகலாம் என்றால் எதிரே உட்கார ஆள் வேண்டுமே! அவசரப் பழுதுக்காக வீட்டுக்குள் நுழையக் கழகத்துக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டுதான். அது கடைசி ஆயுதம். எடுத்த எடுப்பில் அதைக் கையில் எடுக்கவும் கூடாது.

முழு வீட்டையும் வாடகைக்கு விடக் கழகத்தின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்திலேயே, பழுதுபார்ப்புக்குச் சம்மதித்துக் கையெழுத்திட அதிகாரமுள்ள, சிங்கப்பூரில் இருக்கும் ஒருவரின் பெயரையும் எண்ணையும் கட்டாயமாகக் கேட்டால் என்ன? வழக்கறிஞர் தேவையில்லை; தம்பியோ, வீட்டு முகவரோ போதும். வாடகைப் பணம் மாதாமாதம் கணக்கில் விழ ஏற்பாடு செய்துவிட்டுத்தானே விமானம் ஏறுகிறார்கள்?

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்