சின்ன உயிர்தானே என்று சின்னப் பெட்டியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறிய கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஏற்ற தவளை, பல்லி வகைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், உடல் சிறியதென்றால் சிறிய இடமே போதும் என்று அதில் எழுதியிருப்பது சரியல்ல. அதை நம்பி யாரும் அவசரப்பட்டு வாங்கிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

உடல் நீளத்தைவிட நடமாட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'பேக்மேன் தவளை' என்று விற்கப்படும் தென் அமெரிக்கக் கொம்புத் தவளை உள்ளங்கை அளவுக்குப் பருக்கும். ஆனாலும் ஈர மண்ணில் பாதி புதைந்து, இரை பக்கத்தில் வரும்வரை அசையாமல் கிடக்கும். 45 செ.மீ. தொட்டியில் அது நன்றாகவே வாழும் (தனியாகத்தான், இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்றை மற்றொன்று விழுங்கப் பார்க்கும்). அதன் பக்கத்தில் ஒரு குச்சி போலத் தெரியும் பச்சை அனோல் என்ற பல்லியோ பகலெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு உயரமான, பெரிய கூண்டு தேவை.

அடுத்தது வெப்பம். கட்டுரை இதைத் தொடவே இல்லை. பல்லிக்கு உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. சூடு வேண்டுமானால் சூடான பக்கம் போகும், போதுமென்றால் குளிர்ந்த பக்கம் வந்துவிடும். 30 செ.மீ. பெட்டியில் இரண்டு பக்கம் எங்கே இருக்கிறது? விளக்கைப் போட்டால் பெட்டி முழுக்கக் கொதிக்கிறது. என் முதல் லெப்பர்ட் கெக்கோவை (புள்ளிகள் கொண்ட ஒரு பல்லி வகை) அப்படித்தான் வைத்திருந்தேன். கண்ணாடி மூலையில் ஒட்டிக்கொண்டே கிடந்தது, அப்புறம் இரையையும் தொடவில்லை. 90 செ.மீ. தொட்டிக்கு மாற்றி, ஒரு முனையில் மட்டும் சூடு கொடுத்த பிறகுதான் தேறியது. பாவம், அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

இடம் உண்மையிலேயே குறைவு என்பவர்களுக்கு நான் சொல்வது மோர்னிங் கெக்கோ (mourning gecko) என்ற சின்னப் பல்லி. வளர்ந்தாலும் 10 செ.மீ.தான். செடிகள் வைத்த, 45 செ.மீ. உயரத் தொட்டியில் மூன்று நான்கு தாராளமாக இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இவற்றில் அநேகமாக எல்லாமே பெண்தான், ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். முட்டைகளை அப்போதைக்கப்போது எடுக்காவிட்டால் தொட்டி நிறைந்துவிடும்.

செங்காது ஆமைக் குஞ்சின் படத்தைப் போட்டதைத்தான் ஏற்கவே முடியவில்லை. நாணயம் போல இருக்கும் அது 25 செ.மீ.க்கு மேலும் வளரும், பல பத்தாண்டுகள் வாழும். பிறகு பெரும்பாலும் ஏதாவது குளத்தில்தான் விடுகிறார்கள், அங்கே இருக்கும் ஆமைகளுக்கு அது போட்டியாகிவிடுகிறது.

இனி இப்படிப் படம் போடும்போது, முழு வளர்ச்சியில் அதன் நீளம் எவ்வளவு, எத்தனை ஆண்டு வாழும் என்பதையும் கீழே அச்சிடுங்கள். லெப்பர்ட் கெக்கோ என்றால் 15 முதல் 20 ஆண்டு.

அன்புடன்,
தங்கள் வாசகர்