ஏர் பிஸ்டல் பராமரிப்பு: ஜூன் 14, ஞாயிறு காலை 9 மணி

அனைவருக்கும் வணக்கம்.

போட்டிக்கு முன் எல்லோருடைய பிஸ்டலையும் ஒரே நாளில் சரிபார்த்துவிடலாம். இடம்: நம் 10 மீட்டர் ரேஞ்ச். வரும்போது:

1. பிஸ்டலைப் பெட்டியில், குழலுக்குள் பாதுகாப்பு நாடா (குழல் காலி என்று காட்டும் நாடா) செருகிய நிலையில் கொண்டு வாருங்கள். நாடா இல்லாமல் மேசைக்கு வராது.

2. காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படம் எடுத்து அனுப்புங்கள். பொதுவாக ஆயுள் 10 ஆண்டு. "இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது" என்ற வாதம் 200 பார் அழுத்தத்திடம் எடுபடாது.

3. டிரிகர் எடை, அதாவது டிரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை, 500 கிராமுக்குக் குறையக் கூடாது. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, எடைக்கல்லை டிரிகரில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்போம். சரியாக விளிம்பில் வைத்திருப்பவர்கள் திருகைச் சற்றுக் கூட்டிவையுங்கள்.

4. வீட்டிலிருக்கும் தையல் மெஷின் எண்ணெயைக் காற்று வால்வில் விட வேண்டாம். அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பற்றலாம். ஓ-ரிங்குகளுக்கு (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) சிலிக்கான் கிரீஸ் தருகிறோம். குழலைத் துடைக்க 4.5 மி.மீ. ஃபெல்ட் (கம்பளித் துண்டு) போதும்.

5. புதிய கைப்பிடியோ கூடுதல் எடையோ பொருத்தியவர்கள் கட்டாயம் வர வேண்டும். பிஸ்டலின் மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு முதலில் கைப்பிடி அளவைச் சரிசெய்யுங்கள், பெற்றோர்களே. விலையுயர்ந்த டிரிகர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வருபவர்கள் பெயர், பிஸ்டல் மாடல், சிலிண்டர் தேதி மூன்றையும் வெள்ளி மாலை 6 மணிக்குள் இங்கே பதிவிடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போதாது.