பெரிய சாலையை விட்டு இறங்கி வாருங்கள்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைச் சமையலறை மேசையில் வரைபடத்தோடு விரித்து வைத்து ஊர் ஊராகப் பார்த்தேன். பிரான்சின் நீஸ் நகரில் தொடங்கி ஸ்பெயினின் வலென்சியாவில் முடிகிறது. பதினான்கு இரவுக்குப் பதினொரு தங்குமிடம். மகள், இது உங்களைக் களைக்க வைக்கும். காலையில் பெட்டி கட்டுவதும் மாலையில் வாகனத் தரிப்பிடம் தேடுவதுமாகவே விடுமுறை போய்விடும். ஆறுதலாகக் கடலோரம் பயணம் செய்ய வேண்டும் என்று நீதான் எழுதியிருக்கிறாய். அப்படியானால் இரண்டு முனையையும் வெட்டிவிடு. மார்செய்யில் தொடங்கு, பார்சிலோனாவுக்கு முன்னாலேயே காரை நிறுத்திவிடு.

மார்செய்யிலிருந்து பார்சிலோனாவுக்கு விரைவுச் சாலையில் சுமார் 500 கிலோமீட்டர்தான். ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். அந்தச் சாலையை எனக்கு நன்றாகத் தெரியும். பெர்பிஞானின் சேன் ஷார்ல் சந்தையில் ஸ்பெயினிலிருந்து வந்த தக்காளியையும் தோடம்பழத்தையும் ஏற்றி, பாரிசுக்குத் தெற்கே ருஞ்சிஸ் மொத்தச் சந்தையில் இறக்குவதுதானே என் வேலை. பிரான்சின் ஏ9 விரைவுச் சாலையில் எத்தனை இரவு ஓடியிருப்பேன்! அங்கிருந்து கடல் தெரியாது. சுங்கச் சாவடியும் காற்றாலையும் முன்னால் போகும் லொறியின் பின்விளக்கும் தெரியும். ஓய்வு நாளில் லொறியைப் பெர்பிஞானில் நிறுத்திவிட்டு, சிறிய ரயிலில் கொலியூருக்குப் போன பிறகுதான் எவ்வளவு வடிவான கரைக்குப் பக்கத்தால் ஓடிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. நீ பிரான்சில் வளர்ந்தவள்தான், ஆனால் நீ பார்த்ததெல்லாம் வடக்குக் கடல். இது வேறு.

நான் சொல்வது இதுதான்: முதல் இரவு மார்செய்யில், பிறகு ஸெத்தில் மூன்று, கொலியூரில் நான்கு, எல்லை தாண்டி ஸ்பெயினில் கடகேஸில் மூன்று, கலேயாவில் மூன்று. ஊர்களுக்கு இடையே நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டியிராது.

மார்செய்யிலிருந்து ஸெத்துக்குப் போகும் நாளில் மட்டும் கமார்க் வழியாகச் சற்றுச் சுற்றிப் போங்கள். ரோன் ஆற்றின் கழிமுகம் அது. பார்க்காரன் என்ற இடத்தில் கார்களை ஏற்றும் பாதைப் படகில் ஆற்றைக் கடக்கலாம். அதன் பிறகு உப்பளமும் நாணலும் வெள்ளைக் குதிரைகளும்தான். மன்னாருக்கும் யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் வருகிற அதே இனத்துப் பூநாரைகள் அங்கே கூட்டம் கூட்டமாக நிற்கும். நுளம்பு கடிக்கும், கை மூடிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஸெத்தை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நீங்கள் தாண்ட வேண்டாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தோ என்ற பெரிய கடனீரேரி, நடுவில் கால்வாய்கள் ஓடும் மீன்பிடித் துறைமுகம். 1681இல் முடிந்த மிடி கால்வாய் துலூஸிலிருந்து வந்து இந்த ஏரியில்தான் கலக்கிறது. அக்கரையில் பூஸீக் என்ற சிற்றூரில் சிப்பி வளர்க்கிறார்கள். அதைக் கிட்ட நின்று பாருங்கள். மத்தியதரைக் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. அட்லாண்டிக் கரையில் சிப்பியைத் தரையில் பரப்பிவிட்டு, நீர் வற்றும்போது போய் எடுக்கலாம், இங்கே அது முடியாது. அதனால் ஒவ்வொரு சிப்பியையும் சிமெந்து வைத்துக் கயிற்றில் ஒட்டி, தண்ணீருக்குள் நாட்டிய சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். கையால் ஒட்டியதைக் கையாலேயே பிய்த்தெடுக்க வேண்டும். பச்சைச் சிப்பி மருமகனுக்குப் பிடிக்காவிட்டால் தியெல் வாங்கிக் கொடு. பேய்க்கணவாயும் தக்காளியும் உறைப்பாக உள்ளே வைத்துச் சுடும் வட்ட அப்பம். நம் வாய்க்கு ஏற்றது.

ஸெத்திலிருந்து பெர்பிஞான் வரை விரைவுச் சாலையிலேயே போய்விடுங்கள், குற்றமில்லை. அர்ஜலேஸ் தாண்டியதும் டி914 சாலை மலையோடு ஒட்டிக்கொள்கிறது. பிரெனே மலை கடலுக்குள் இறங்கும் இடம் அது. கொலியூர், போர்வாந்த்ர், பன்யுல்ஸ், செர்பேர் என்று அடுத்தடுத்து ஊர்கள். 1905 கோடையில் மத்தீசும் தெரானும் கொலியூரில் தங்கி, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வரைந்த படங்களால் ஓவிய உலகமே கலங்கியது. என் மனத்தில் நிற்பது அங்குள்ள நெத்தலிதான். உப்பும் மீனுமாக அடுக்கிப் பாரம் வைத்து மாதக்கணக்கில் விடுவார்கள். பிறகு பெண்கள் ஒவ்வொரு மீனாக எடுத்துக் கழுவி, விரல் நகத்தால் முள்ளை உருவி, இரண்டு கீற்றாகப் பிரித்து அடுக்குவார்கள். பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ஆகஸ்ட் என்று எழுதியிருக்கிறாய். செப்டம்பர் நடுப்பகுதிக்குத் தள்ளிப் போட முடியுமா? ஆகஸ்டில் பிரான்ஸ் முழுவதும் தெருவில் நிற்கும், அறை வாடகையும் ஏறிவிடும். செப்டம்பரில் கடல் இன்னும் சூடு ஆறியிருக்காது. பன்யுல்ஸ் மலைச்சரிவுகளில் திராட்சை அறுவடையும் நடக்கும். இயந்திரம் ஏற முடியாத கல் படிகள், கையால் கொய்துதான் இறக்குகிறார்கள்.

கொலியூரில் நான்கு இரவு ஏன் என்று கேட்பாய். அந்தக் கரையை அழகுக்காக மட்டும் பார்த்துவிட்டு வர என்னால் முடியாது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1939 தொடக்கத்தில் பார்சிலோனா பிராங்கோவின் படையிடம் வீழ்ந்தபோது ஏறக்குறைய 5 இலட்சம் பேர் இந்த மலையைக் கடந்து பிரான்சுக்குள் வந்தார்கள். இன்று குடை விரித்துப் படுத்திருக்கும் அர்ஜலேஸ் கடற்கரையில்தான், குளிர்காலத்தில், கூரைகூட இல்லாமல் முள்வேலிக்குள் அவர்களை வைத்தார்கள். அவர்களோடு வந்த கவிஞர் அந்தோனியோ மச்சாதோ கொலியூரில் ஒரு சிறு விடுதியில் பிப்ரவரி 22ஆம் திகதி இறந்தார். மூன்று நாள் கழித்து அவருடைய தாயும் போய்விட்டார். ஊர் இடுகாட்டில் கவிஞரின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. சனங்கள் இன்றும் கவிஞருக்குக் கடிதம் எழுதிப் போடுகிறார்கள்.

அடுத்த ஆண்டே ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பியது. ஹிட்லருக்குத் தப்பிய வால்டர் பெஞ்சமின் என்ற எழுத்தாளர் பன்யுல்ஸிலிருந்து நடந்து மலையேறி, ஸ்பெயினின் போர்ட்பௌ ஊரை அடைந்தார். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றானதும் 1940 செப்டம்பர் 26ஆம் திகதி இரவு அங்கே உயிரை விட்டார். அவருக்காக அங்கே ஒரு நினைவிடம் 1994இல் எழுப்பினார்கள். துருவேறிய இரும்பால் ஆன ஒடுங்கிய படிக்கட்டு, மலையிலிருந்து நேரே கடலை நோக்கி இறங்குகிறது. கீழே ஒரு கண்ணாடி தடுத்து நிறுத்தும், அதற்கப்பால் அலை. நானும் கிழக்கு பெர்லின் வழியாக, கையில் ஒரு பையோடு வந்து சேர்ந்தவன்தானே. அந்தப் படியில் என்னால் அவசரமாக ஏறி இறங்க முடியவில்லை. நீங்களும் அங்கே நேரம் எடுத்துப் போய் வாருங்கள். செர்பேருக்கும் போர்ட்பௌவுக்கும் இடையே பெலித்ரஸ் மேட்டில் கைவிடப்பட்ட பழைய எல்லைச் சாவடி இருக்கிறது. பெரும்பாலும் கடவுச்சீட்டு கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். காரை நிறுத்தி இறங்கி இரண்டு பக்கமும் பார்.

ஸ்பெயினுக்குள் நுழைந்தவுடன் உங்கள் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றிவிடுங்கள். பிரான்சில் பகல் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், ஸ்பெயினில் அப்போதுதான் மேசை போடுவார்கள். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. கடகேஸுக்குப் போகும் மலைப்பாதை வளைந்து வளைந்து போகும், பகலில் போங்கள். அங்கிருந்து கிரேயுஸ் முனைக்கு நடந்து போகலாம், ஸ்பெயினின் பெருநிலத்தில் ஆகக் கிழக்கில் உள்ள முனை அது. பக்கத்தில் போர்ட்யிகாட்டில் ஓவியர் சல்வதோர் தாலியின் வீடு இருக்கிறது. சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுவார்கள், அதனால் நுழைவுச்சீட்டை இப்போதே பதிவு செய். வடக்கிலிருந்து திராமொந்தான் காற்று வீசத் தொடங்கினால் நாட்கணக்கில் விடாது. கார்க் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திறக்கச் சொல்லு, காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும். கலேயாவில் ஒன்றும் செய்ய வேண்டாம். பாறையோரமாக யாஃப்ராங் வரை நடைபாதை இருக்கிறது, நடந்து போய்க் குளித்துவிட்டு வாருங்கள். கடைசி நாள் தோசா வரை போகும் வளைவுச் சாலையில் ஒரு தடவை ஓடிப் பாருங்கள்.

கார் விஷயம். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் பெரிய தொகை கேட்பார்கள். தோசாவிலிருந்து பெர்பிஞானுக்குத் திரும்பி ஓடி, காரை அங்கே ஒப்படைத்துவிட்டு பார்சிலோனாவுக்கு அதிவேக ரயில் ஏறுங்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஸ்பெயின் பக்கத்து ஏபி-7 சாலையில் 2021 செப்டம்பரிலிருந்து சுங்கக் கட்டணமும் இல்லை. ஓட்டோமேற்றிக் கார் இங்கே குறைவு, மருமகனுக்கு கியர் பழக்கமில்லை என்றால் முன்கூட்டியே கேட்டு வை. அவர் கனடாவிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதிப்பத்திரமும் எடுத்துக்கொண்டு வரட்டும். ஊருக்குள் வலப்பக்கச் சிறுதெருவிலிருந்து வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்பதை அவருக்கு இரண்டு தடவை சொல்லு. நிறுத்திய காருக்குள் ஒரு பையும் கண்ணில் படக் கூடாது.

ஒரு விஷயம் அம்மா உன்னிடம் கேட்கச் சொன்னார். பாரிஸிலிருந்து பெர்பிஞானுக்கு ரயிலில் ஐந்து மணி நேரம்தான். நீங்கள் கொலியூரில் இருக்கும்போது நாங்களும் இரண்டு நாள் வந்து, வேறு அறையில் தங்கிக்கொள்ளலாமா? மருமகனோடு பேசிவிட்டுச் சொல்லு. திகதி தெரிந்தால் டிக்கெட் மலிவாக இருக்கும்போதே எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா