நாணயச்சாலை யார் கையில் இருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்க நாணயச்சாலையைத் தனியாரிடம் கொடுத்தால் செலவு குறையும் என்பவர்கள் ஒரு 50 சென்ட் நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். அது வெண்கல முலாம் பூசிய எஃகு. தகட்டிலிருந்து வில்லையை, அதாவது உருவம் பதிக்காத வட்டத் துண்டை, வெட்டி, விளிம்பைத் தூக்கி, முலாம் பூசி, உலையில் சூடேற்றி இளக்கிய பிறகே அச்சடிக்க வேண்டும். சூடு போதாவிட்டால் வில்லை இறுகியே இருக்கும். நுண்கோடுகள் சரியாக விழாது, உருவம் பதிக்கும் அச்சும் சீக்கிரம் விரிசல் விடும். முலாம் மெலிந்தாலோ விளிம்பில் எஃகு தலைகாட்டும். நம் டர்பன் கடற்காற்றுக்கு அது போதும், துருப் பிடித்துவிடும். இந்தக் குறை ஆலையை விட்டு வெளியேறும் நாளில் கண்ணுக்குத் தெரியாது. லாபம் பார்ப்பவர் முதலில் கை வைப்பது இந்த முலாமில்தான் என்பதே என் கவலை.

2004இல் 5 ராண்ட் நாணயத்தை இரட்டை உலோகமாக மாற்றியது கள்ள நாணயத்தைத் தடுக்கத்தான். ஆகவே அச்சுகளுக்கு யார் காவல் என்பது சின்ன விஷயமல்ல.

க்ரூகர்ராண்ட் என்ற நம் தங்க நாணயம் வேறு கதை. 33.93 கிராம் எடையில் 31.1 கிராம் பசும்பொன். அது முதலீட்டுச் சரக்கு. சுரங்க நிறுவனங்களுக்குச் சொந்தமான ராண்ட் ரிஃபைனரி அதற்குத் தங்கம் சுத்திகரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அன்றாடச் சில்லறை மட்டும் முழுக்க தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் பொறுப்பிலேயே இருக்கட்டும். முலாமின் கனத்தைச் சோதித்த விவரத்தை ஆண்டுதோறும் வெளியிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்