தேதிச் சீட்டில் ஒரே ஒரு முத்திரை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு, கட்டணம், விடுமுறை பற்றியெல்லாம் இந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளை பாடப் புத்தகங்களுக்கு நடுவில் செருகி வீட்டுக்கு எடுத்து வருகிற கதைப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் நூலக வகுப்பில் நடந்தது இது. மற்ற பிள்ளைகள் எல்லாம், எல்லோரும் பேசிக்கொள்கிற அந்த ஒரே தொடரின் அடுத்த பாகத்துக்கு முண்டியடித்துக் கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் கடைசி அலமாரிக்குப் போய், கீழ்த்தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, முதுகில் பெயர் அழிந்துபோன ஒரு மெல்லிய நாவலை உருவி எடுத்தாள். உடனே கதையைப் படிக்கத் தொடங்கவில்லை, பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைத்தான் முதலில் பார்த்தாள். அதில் ஒரே ஒரு முத்திரை, அதுவும் அவள் பிறப்பதற்கு முந்தைய தேதி. "சார், எனக்கு முன்னாடி இத ஒரே ஒருத்தர்தான் எடுத்திருக்காங்க" என்று ஓடிவந்து காட்டினாள்.

நான்கு நாள் கழித்து என் அறை வாசலில் வந்து நின்றாள். "அந்த முத்திரை யாருக்குப் போட்டதுன்னு கண்டுபிடிக்க முடியுமா சார்? கடைசியில அந்த அண்ணன் திரும்பி வராமலே கதை முடிஞ்சிடுது, அவங்களுக்கும் அழுகை வந்துச்சான்னு கேக்கணும்."

பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். உறுப்பினர் எண் இருந்தது, பெயர் இருந்த பக்கம் இல்லை. அதனால் இப்போது மூன்றாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் ஒவ்வொருவரிடமும் போய்க் கதையில் பாதியைச் சொல்லிவிட்டு, மிச்சத்தை நீயே படி என்று விட்டுவிடுகிறாளாம். நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து யோசித்து வைத்திருக்கும் எந்த வாசிப்புத் திட்டமும் இந்த வேலையைச் செய்ததில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்ற பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டது என் மனதிலேயே இருக்கிறது. பேர் கேள்விப்படாத புத்தகத்தையெல்லாம் எதற்குப் பிள்ளைகளிடம் கொடுக்கிறீர்கள், நல்ல புத்தகம் என்றால் நாலு பேருக்குத் தெரிந்திருக்காதா என்று ஒருவர் கேட்டார். எட்டாம் வகுப்புக்கு வந்தும் படக்கதையா என்று இன்னொருவர். இதைப் படித்தால் மதிப்பெண் கூடுமா என்பது மூன்றாவது கேள்வி. மூன்றும் அக்கறையில் வந்த கேள்விகள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நேரம் இல்லாததால் மழுப்பலாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன், அது சரியில்லை என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நூலகவியலில் எஸ்.ஆர். ரங்கநாதன் என்ற இந்திய நூலகர் 1931-ல் ஐந்து விதிகளை எழுதினார். நூலகவியல் படிப்பவர்கள் பல நாடுகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது விதி அதைத் திருப்பிப் போட்டது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். இரண்டாவது எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும். மூன்றாவதுதான் எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. அலமாரியில் தூசி படிந்து கிடக்கிற புத்தகத்துக்கும் எங்கோ ஓர் ஆள் இருக்கிறார், இருவரையும் சந்திக்க வைப்பதுதான் நூலகத்தின் வேலை என்கிறார் அவர். தரையில் உட்கார்ந்து அந்த நாவலை உருவிய பெண்ணைப் பார்த்தபோது அந்த விதியைக் கண்ணாலேயே பார்த்த மாதிரி இருந்தது.

நாலு பேருக்குத் தெரியாத புத்தகம் நல்ல புத்தகமாக இருக்காது என்ற எண்ணத்துக்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜான் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'ஸ்டோனர்' நாவல் 1965-ல் வந்தது. ஒரு கல்லூரி ஆசிரியரின் சாதாரண வாழ்க்கை, அவ்வளவுதான் கதை. இரண்டாயிரம் பிரதி அளவுக்குத்தான் விற்றது, அப்புறம் அச்சிலேயே இல்லாமல் போனது. எழுதியவர் 1994-ல் இறந்துவிட்டார். ஆனால் படித்த சிலர் விடவில்லை, கையிலிருந்து கைக்கு அது போய்க்கொண்டே இருந்திருக்கிறது. 2000-க்குப் பிறகு மறுபதிப்பு வந்தது, 2011-ல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்தது, அதன்பின் ஐரோப்பாவில் பல நாடுகளில் அதிகம் விற்கும் புத்தகமாக ஆனது. 1965-க்கும் 2011-க்கும் நடுவில் அந்த நாவலில் ஒரு வரிகூட மாறவில்லை, அதை எடுத்துப் பிரித்தவர்களின் எண்ணிக்கைதான் மாறியது.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லோரும் கொண்டாடும் புத்தகத்தைப் படிக்கும் பிள்ளைக்கு அதைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்கிறது. படம் பார்த்திருப்பார்கள், வகுப்பில் எல்லோரும் பேசியிருப்பார்கள், யாரைப் பிடிக்க வேண்டும், யாரைப் பிடிக்கக் கூடாது என்பதுகூட முடிவாகியிருக்கும். யாரும் பேசாத புத்தகத்தில் அந்த வசதி இல்லை. இது நன்றாக இருக்கிறதா, எனக்குப் பிடித்திருக்கிறதா, ஏன் பிடித்திருக்கிறது என்று அந்தப் பிள்ளை தானே முடிவு செய்தாக வேண்டும். அப்படி முடிவு செய்து, "இது என் புத்தகம்" என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

படக்கதையா என்று கேட்டீர்களே, கட்டம் கட்டமாக வரைந்த படங்களால் முழு நாவலையே சொல்லும் கிராஃபிக் நாவலைப் பற்றியது அது, அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். படம் இருந்தால் மூளைக்கு வேலை இல்லை என்று நினைக்கிறோம். ஒரு பக்கத்தை மனதில் கொண்டு வாருங்கள். முதல் கட்டத்தில் ஒரு பையன் கதவின் கைப்பிடியில் கை வைத்திருக்கிறான், பின்னால் அவன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முகம் தெரியவில்லை. அடுத்த கட்டத்தில் கதவு மூடியிருக்கிறது, நாற்காலி காலியாக இருக்கிறது. ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருப்பது விரல் அகலம்கூட இல்லாத வெள்ளைக் கோடு. பையன் போய்விட்டானா? அப்பா பின்னாலேயே ஓடினாரா? ஒரு நிமிடம் ஆனதா, ஒரு வருடம் ஆனதா? அத்தனையும் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் நடக்கிறது, அதை நடத்துவது படிக்கிற பிள்ளை. முகத்தைப் பார்த்து மனதைப் படிக்க வேண்டும், பேச்சைக் காட்டும் பலூனில் இருக்கும் வார்த்தைக்கும் கண்ணில் இருக்கும் உணர்ச்சிக்கும் பொருந்தாவிட்டால் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும், ஏதோ விட்டுப்போனது என்று தோன்றினால் இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள். வேகமாகப் புரட்டுகிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோர், அதே புத்தகத்தை அவர்கள் மூன்றாவது முறை எடுக்கும்போது கண் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்.

ஆர்ட் ஸ்பீகல்மன் தன் தந்தை நாஜி வதைமுகாமில் பட்ட பாட்டை எலிகளும் பூனைகளுமாக வரைந்த 'மவுஸ்' நூலுக்கு 1992-ல், இதழியலுக்கும் இலக்கியத்துக்கும் அமெரிக்காவில் தரப்படும் புலிட்சர் விருதில் சிறப்பு விருது கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1922 முதல் சிறந்த சிறார் நூலுக்குத் தரப்படும் நியூபெரி பதக்கம் 2020-ல் முதன்முறையாக ஒரு கிராஃபிக் நாவலுக்குப் போனது. விருது வாங்கியதால்தான் நல்லது என்று சொல்ல வரவில்லை. பெரியவர்கள் மதிக்கிற இலக்கியம் இது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே. அதே சமயம் எல்லாக் கிராஃபிக் நாவலும் எல்லா வயதுக்கும் ஆகாது, 'மவுஸ்' மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். எங்கள் நூலக ஆசிரியர் ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்த பிறகுதான் அலமாரியில் வைக்கிறார், அதில் சமரசம் இல்லை.

ஷான் டான் 2006-ல் வெளியிட்ட 'தி அரைவல்' பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பத்தை விட்டு வேறு நாட்டுக்குப் பிழைக்கப் போகும் ஒருவரின் கதை, முழுக்கப் படங்களால் சொல்லப்பட்டது, படிக்க ஒரு வாக்கியம் கிடையாது. புது ஊரின் பெயர்ப்பலகைகளில் இருப்பது எந்த மொழியிலும் இல்லாத, ஆசிரியரே உருவாக்கிய எழுத்து. அந்த மனிதருக்குப் புரியாதது நமக்கும் புரியக் கூடாது என்பதற்காக. இந்த வருடம் நடுவில் வந்து சேர்ந்த ஒரு மாணவனுக்கு வகுப்பில் பேசும் மொழி இன்னும் பழகவில்லை, மூன்று வாரம் யாரோடும் பேசாமல் இருந்தான். இந்தப் புத்தகத்தை அவன் மேசையில் வைத்தோம். ஒரு வாரம் வைத்திருந்தான். பிறகு ஒருநாள், அந்த மனிதர் கையில் படத்தை வைத்துக்கொண்டு யாரிடமோ வழி கேட்கும் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் இருந்தவனிடம் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். இப்போது அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தைப் பெரிய பிள்ளைகள் எடுத்தால் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் படப் புத்தகம் ஒன்றை மாதாமாதம் எடுத்துப் போகிறான், தம்பிக்காக என்று சொல்கிறான். தம்பி இல்லை அவனுக்கு. நாங்கள் யாரும் அதைக் கேட்பதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

மதிப்பெண் கூடுமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நிறையப் படிக்கும் பிள்ளைக்குச் சொல்வளம் கூடும், நீளமான வினாத்தாளைக் கண்டு மிரளாது, கட்டுரையில் சொந்த வாக்கியம் எழுதும். இதை வருடா வருடம் பார்க்கிறேன். ஆனால் அதற்காகத்தான் படி என்று பிள்ளையிடம் சொன்ன அன்றைக்கே கதைப் புத்தகமும் இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும், அதன்பின் இரண்டும் நடக்காது.

நானே அனுபவித்த ஒன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் பழைய காகிதக் கட்டு ஒன்றிலிருந்து அட்டையும் முதல் பத்துப் பக்கமும் போன ஒரு நாவல் கிடைத்தது. 11-ஆம் பக்கத்திலிருந்துதான் தொடக்கம், ஒரு கிழவர் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பார். அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று தினம் ஒரு விதமாக யோசித்துப் பார்ப்பேன். பாதிக்கு மேல் வந்தபோது, பாடத்தைப் படிக்காமல் கண்டதைப் படிக்கிறாயே என்று பெரியவர் ஒருவர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார், திரும்பக் கிடைக்கவில்லை. அந்த நாவலின் பெயர் எனக்குத் தெரியாது, எழுதியவர் பெயர் தெரியாது, அந்தக் கிழவர் கடைசியில் படகை விற்றாரா என்பதும் தெரியாது. இன்றைக்கும் பழைய புத்தகம் எதைப் பார்த்தாலும் என் கை தானாக 11-ஆம் பக்கத்துக்குப் போகிறது. ஒரு பிள்ளையின் கையிலிருந்து பாதியில் புத்தகத்தைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக், பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1992-ல் வாசகரின் உரிமைகள் என்று பத்து எழுதினார். பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, முடிக்காமல் வைத்துவிடும் உரிமை, திரும்பத் திரும்ப அதையே படிக்கும் உரிமை, எதை வேண்டுமானாலும் படிக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பத்தாவது, படித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கும் உரிமை. நம் வீடுகளில் மிகவும் மீறப்படுவது இந்தப் பத்தாவதுதான். புத்தகத்தை மூடியதும், கதை என்ன சொல்லு, நீதி என்ன சொல்லு என்று ஆரம்பித்து விடுகிறோம். ஒரு வாரம் கேட்காமல் இருந்து பாருங்கள், அவர்களாகவே வந்து சொல்வார்கள். பாதியில் வைத்துவிட்டால் வைக்கட்டும், வேறொன்று எடுக்கட்டும். முடிந்தால் அவர்கள் கொண்டுவரும் புத்தகத்தை அவர்கள் தூங்கிய பிறகு நீங்களும் படியுங்கள். காலையில் "அந்த மூணாவது அத்தியாயம் வரைக்கும் வந்துட்டேன், மேல சொல்லிடாதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்த மாதம் முதல் பள்ளியில் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களை எல்லாம் வாசலுக்கு அருகே ஒரே அலமாரியில் வைக்கிறோம், படக்கதை, நாவல், சின்னவர்களுக்கானது எல்லாம் கலந்து. வாரம் இரண்டு புத்தகம் எடுக்கலாம், ஒன்று விருப்பம்போல், இன்னொன்று இந்த அலமாரியிலிருந்து. பிடிக்கவில்லை என்றால் மறுநாளே திருப்பித் தரலாம், காரணம் கேட்க மாட்டோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை வாசிப்புக்கு மட்டும், அதில் எழுத்து வேலை, கேள்வி பதில் எதுவும் இருக்காது, நானும் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து படிப்பேன். வர விரும்பும் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டு வரலாம், கையில் ஒரு புத்தகத்தோடு.

உங்கள் வீட்டில் யாரும் தொடாமல் கிடக்கும் கதைப் புத்தகம் இருந்தால் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். உள்பக்கத்தில் உங்கள் பெயரையும், எந்த வயதில் அதைப் படித்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள், பிறகு அதைப் படிக்கும் பிள்ளை உங்களைத் தேடிவந்து ஏதாவது கேட்கக்கூடும். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முதல் பக்கங்கள் போயிருந்தாலும் அனுப்புங்கள், அதை நான் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்